ஒரே உச்ச நீதிமன்றம், எதிரெதிர்த் தீர்ப்புகள்: அமெரிக்காவில் 1905க்கும் 1908க்கும் இடையில் மாறியது என்ன?

நூலகவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சீர்திருத்தங்களைப் பற்றிப் படித்துவருகிறேன். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த, அரசியல் சாசனத்தின் 17ஆம் திருத்தமும், 1906இல் வந்த இறைச்சி ஆய்வுச் சட்டமும் எவ்வாறு நிறைவேறின என்பது ஓரளவு விளங்குகிறது. பத்திரிகைகள் ஊழலையும் கலப்படத்தையும் அம்பலப்படுத்தின, மக்கள் கொதித்தார்கள், சட்டமியற்றுவோர் அசைந்துகொடுத்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்த சட்டங்களின் வரலாறு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ரொட்டித் தொழிலாளர்கள் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்யக்கூடாது என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை, 1905 ஏப்ரலில் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் செல்லாது என்றது. மூன்றே ஆண்டுகளில், 1908 பிப்ரவரியில், சலவை நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு அதே 10 மணி நேர வரம்பை விதித்த ஓரிகன் மாநிலச் சட்டம் மல்லர் வழக்கில் ஒருமனதாகச் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மாறிய நீதிபதி ஒருவரே: பிரவுன் என்பவர் ஓய்வுபெற, மூடி (Moody) என்பவர் வந்தார். ஆகவே புதிய நீதிபதிகள் வந்ததால் நீதிமன்றம் மாறியது என்று சொல்ல முடியாது. ஓரிகன் மாநிலத்தின் சார்பில் வழக்குரைஞர் லூயி பிராண்டைஸ் எழுத்தில் தாக்கல் செய்த புள்ளிவிவர வாதுரைதான் நீதிபதிகளின் மனத்தை மாற்றியது என்று பல நூல்கள் கூறுகின்றன. அது உண்மையானால், 1923இல் பெண்களுக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏன் மறுபடியும் செல்லாததாக்கியது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய வழக்குரைஞர் எழுதியது:

நூலகவாசி அவர்களுக்கு, நல்ல கேள்வி. வாதுரை மனத்தை மாற்றியது என்ற கதை சொல்வதற்கு அழகாக இருக்கிறது. பாதிக்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. மல்லர் தீர்ப்பை எழுதிய புரூவர், லாக்னர் வழக்கில் முதலாளியின் பக்கம் நின்ற ஐவரில் ஒருவர். லாக்னர் தீர்ப்பை எழுதிய பெக்கமும் மல்லரில் உடன்பட்டார். இருவரும் தங்கள் பழைய நிலையைக் கைவிட்டதாக எங்கும் கூறவில்லை. லாக்னர் தீர்ப்பை எவ்வகையிலும் கேள்விக்குள்ளாக்காமலே இந்தத் தீர்ப்பை வழங்குவதாகப் புரூவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

முதலில் லாக்னர் வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஜோசப் லாக்னர் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் ரொட்டிக்கடை நடத்தியவர். பணியாளர் ஒருவரை வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவிட்டதற்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டு, 50 டாலர் அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1895இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தில் வடிகால், காற்றோட்டம், கூரையின் உயரம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளும் இருந்தன. ரொட்டிக்கடைகள் பலவும் குடியிருப்புக் கட்டடங்களின் நிலவறைகளில் இயங்கிய காலம் அது. அந்தச் சுகாதார விதிகளை நீதிமன்றம் தொடவில்லை. மணி நேர வரம்பை மட்டுமே நீக்கியது. உரிய சட்டமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் மாநிலம் பறிக்கக்கூடாது என்று 14ஆம் திருத்தம் கூறுகிறது. உழைப்பை விற்கவும் வாங்கவும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையும் அந்தச் சுதந்திரத்தில் அடங்கும் என்றார் பெக்கம். பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் ஆகியவற்றைக் காக்க மாநிலம் அந்த உரிமையில் தலையிடலாம். ஆனால் ரொட்டி சுடுவது தனிப்பட்ட கேடு விளைவிக்கும் தொழில் அன்று, ஆகவே இது உடல்நலச் சட்டம் என்ற போர்வையில் வந்த தொழிலாளர் சட்டமே என்பது அவருடைய முடிவு.

இங்கேதான் திறவுகோல் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வரம்பு விதித்த யூட்டா மாநிலச் சட்டத்தை இதே நீதிமன்றம் 1898இல் ஏற்றிருந்தது. ஆகவே வேலை நேர வரம்பு என்றாலே கூடாது என்பது கோட்பாடாக இருக்கவில்லை. உடல்நலத்தோடு அதற்குள்ள தொடர்பை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மாவுத் தூசி நுரையீரலைக் கெடுப்பதையும், ரொட்டித் தொழிலாளர்கள் ஐம்பது வயதைத் தாண்டுவது அரிது என்பதையும் மருத்துவ நூல்களிலிருந்து எடுத்துக்காட்டித் தம் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஹார்லன் வாதாடினார். அரசு தலையிடக்கூடாது என்று வாதிட்ட ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் சமூகக் கொள்கையை 14ஆம் திருத்தம் சட்டமாக்கவில்லை என்று மாறுபட்ட மற்றொரு நீதிபதி ஹோம்ஸ் எழுதிய வரியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வழக்குக்கு வழிகாட்டியது ஹார்லனின் அலுப்பூட்டும் மருத்துவ மேற்கோள்களே.

பிராண்டைஸ் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வாதுரையின் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் சட்ட வாதத்துக்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ இரண்டு பக்கங்களே. மற்றவை யாவும் தொழிற்சாலை ஆய்வாளர்கள், மருத்துவர்கள், ஐரோப்பிய அரசுக் குழுக்கள் ஆகியோரின் அறிக்கைகளிலிருந்து எடுத்தவை. அவற்றைத் திரட்டியவர் அவருடைய மனைவியின் தங்கை ஜோசஃபைன் கோல்ட்மார்க். அவரும் தேசிய நுகர்வோர் கழகத்தின் செயலர் ஃபுளோரன்ஸ் கெல்லியும்தான் இந்த வழக்கைப் பிராண்டைஸிடம் கொண்டுவந்தார்கள். ஓரிகன் மாநிலமே தம்மைத் தன் சார்பில் வாதாட அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஏற்றுக்கொண்டார்.

அந்த மேற்கோள்கள் இன்றைய அளவுகோலில் அறிவியல் ஆதாரங்கள் என்று சொல்லத்தக்கவை அல்ல. பெரும்பாலானவை கருத்துரைகள், சிலவற்றுக்கு அப்போதே பல ஆண்டுகள் வயதாகியிருந்தன. புரூவரும் அவற்றை மெய்ப்பிக்கப்பட்ட உண்மைகளாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செய்தியைப் பற்றி நெடுங்காலமாகவும் பரவலாகவும் நிலவும் நம்பிக்கை கருதத்தக்கது என்று கூறி, அவற்றை அடிக்குறிப்பில் சுருக்கித் தந்தார். பெண்ணின் உடலமைப்பும் தாய்மைக் கடமையும் அவளை ஆணினின்று வேறுபடுத்துகின்றன, வலிமையான சந்ததிக்குத் தாயின் நலம் தேவை, ஆகவே அவளைத் தனி வகுப்பாகக் கொண்டு பாதுகாக்கலாம் என்பதே தீர்ப்பின் அடிப்படை. நீதிபதிகள் ஏற்கெனவே நம்பிய ஒன்றுக்குத்தான் பிராண்டைஸ் சான்று அளித்தார். நீதிமன்றம் மாறாததால்தான் தீர்ப்பு மாறியது என்றுகூடச் சொல்வேன்.

இன்னொரு செய்தி, கேள்விக்குச் சற்று வெளியே இருந்தாலும் விட மனமில்லை. உச்ச நீதிமன்றத்தில் லாக்னருக்காக வாதாடிய ஹென்றி வைஸ்மன், முன்பு ரொட்டித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்து, அந்த 1895ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றவே பாடுபட்டவர்! பின்னர் சொந்தமாக ரொட்டிக்கடை வைத்தார், தரப்பும் மாறிவிட்டது.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

பெரியவர் சொன்ன சட்ட விளக்கத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் நீதிபதிகளையும் வழக்குரைஞர்களையும் மட்டுமே பார்த்தால், பெண்களின் வேலை நேரம் ஏன் முதலில் நீதிமன்றத்துக்கு வந்தது, ஆண்களுடையது ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், தனியார் தொழில்களில் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுப்பதை விரும்பவில்லை. அரசு இன்று கொடுப்பதை நாளை பறித்துக்கொள்ளும், நீதிமன்றமோ சங்கங்களுக்கு எதிராகத் தடையாணை வழங்கும் இடம், ஆகவே சங்கத்தின் வலிமையால் பேரம் பேசியே பெற வேண்டும் என்பது அவர் நிலை. நீதிமன்றங்களிடம் அந்தச் சங்கங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அதை வெறும் பிடிவாதம் என்று சொல்லமாட்டார்கள். பெண்களில் மிகச் சிலரே சங்கங்களில் இருந்தார்கள். பல சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே சட்டத்தை நாடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஃபுளோரன்ஸ் கெல்லியின் வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் இல்லம் என்ற சமூகசேவை இல்லத்தில் தங்கியிருந்த அவரை, இலினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் 1893இல் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமித்தார். பெண்களுக்கு 8 மணி நேர வேலை என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருடையது. இரண்டே ஆண்டுகளில், 1895இல், இலினாய் உச்ச நீதிமன்றம் அந்த 8 மணி நேர விதியை நீக்கியது. ஆணைப் போலவே பெண்ணும் தன் உழைப்பைத் தன் விருப்பப்படி விற்கலாம் என்பது அந்த நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று. பெண்ணுக்கு வாக்குரிமை தராத நாட்டில் அவளுக்குச் சமத்துவம் கிடைத்தது நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைப்பதற்கு மட்டுமே. இந்தத் தோல்வியின் தழும்போடு 1899இல் நுகர்வோர் கழகத்துக்கு வந்தவர் கெல்லி. பெண்ணின் உடல் வேறு என்ற வாதத்தை அவர் கையிலெடுத்ததற்கு, சமத்துவம் என்ற சொல்லை முதலாளிகள் ஏற்கெனவே கைப்பற்றியிருந்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மல்லர் வழக்கிலும் சலவை நிலைய உரிமையாளரின் வழக்குரைஞர்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை என்று வாதாடினார்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலையில் காயமடைந்தவர்களுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை, முதலாளியின் உடைமையை உரிய சட்டமுறையின்றிப் பறிப்பதாகக் கூறி, அம்மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாததாக்கியது. மறுநாள் சனிக்கிழமை. மாலையில் நியூயார்க் நகரின் ஆஷ் கட்டடத்தில், எட்டாம் தளம் முதல் பத்தாம் தளம் வரை இயங்கிவந்த டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. உரிமையாளர்களான பிளாங்கும் ஹாரிஸும் அவ்வாண்டு டிசம்பரில் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தத் தீக்குப் பிறகு நியூயார்க் சட்டமன்றம் ராபர்ட் வாக்னர் தலைமையில், ஆல் ஸ்மித்தைத் துணைத் தலைவராகக் கொண்டு, தொழிற்சாலை விசாரணைக் குழுவை அமைத்தது. இருவருமே டாமனி ஹால் என்ற நகர அரசியல் இயந்திரத்தில் வளர்ந்தவர்கள். கட்சிப் பெருந்தலைகளின் ஆதிக்கத்தை ஒழிப்பதே சீர்திருத்தம் என்று பேசியவர்கள் வெறுத்த கூட்டம் அது. எனினும் தீத்தடுப்புப் பயிற்சி, வெளியேறும் வழி, தானியங்கி நீர்த்தெளிப்பான் முதலியவற்றைக் குறித்த சட்டங்களை அடுத்த சில ஆண்டுகளில் நிறைவேற்றியது அவர்களே. 1912இல் பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் என்ற வரம்பும் வந்தது. அதற்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டியவர், தீயை நேரில் கண்ட ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸ். உணவு பதனிடும் ஆலைகளுக்கு விலக்கு அளித்தால்தான் மசோதா நிறைவேறும் என்ற நிலை வந்தபோது, அந்த விலக்கை அவர் ஏற்றுக்கொண்டார். இப்படி அரைகுறையாகப் பேரம் பேசிப் பெற்ற வெற்றிகளே அந்தக் காலத்தில் அதிகம். 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு மட்டும் இல்லாதிருந்தால் இந்த 54 மணி நேரச் சட்டமும் நீதிமன்றத்தில் நின்றிருக்குமா என்பது ஐயமே. ஆகவே அந்த வாதுரையைப் பெரியவர் இத்தனை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது.

தேனருவி எழுதியது:

இங்கு எழுதியவர்கள் இருவரும் 1923ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடவில்லை. கேள்வியின் கூர்மையே அதில்தான் இருக்கிறது.

கொலம்பியா மாவட்டத்தில், அதாவது தலைநகர் வாஷிங்டனில், பெண்களுக்கும் சிறார்களுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் வாரியத்தை 1918இல் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்தது. இதை எதிர்த்து ஒரு குழந்தைகள் மருத்துவமனையும், விடுதி ஒன்றில் மின்தூக்கி இயக்கிய 21 வயதுப் பெண் ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். அந்தப் பெண் மாதம் 35 டாலரும் நாளுக்கு இரண்டு வேளை உணவும் பெற்றுவந்தார். வாரியத்தின் ஆணைப்படி ஊதியத்தை உயர்த்துவதற்குப் பதிலாக விடுதி நிர்வாகம் அவரை நீக்கிவிட்டது. ஆட்கின்ஸ் வழக்கு என்று அறியப்படும் இதில் தீர்ப்பு எழுதிய சதர்லாண்ட், பெண்களுக்கு வாக்குரிமை அளித்த 19ஆம் திருத்தத்தையே காரணமாகக் காட்டினார். அரசியல், சட்ட நிலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறையும் அளவுக்கு வந்துவிட்டது, ஆகவே ஒப்பந்தச் சுதந்திரத்தில் பெண்ணுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்றார். பெண்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் போராடிப் பெற்ற வாக்குரிமை, மூன்றே ஆண்டுகளில் அவர்களுடைய ஊதியத்துக்கு எதிராகத் திருப்பப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை என்று தம்மை நம்பவைக்க 19ஆம் திருத்தம் மட்டும் போதாது என்று ஹோம்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். பிராண்டைஸ் அப்போது அதே நீதிமன்றத்தின் நீதிபதி. அவருடைய மகள் அந்த ஊதிய வாரியத்தில் பணியாற்றியதால் வழக்கிலிருந்து விலகியிருந்தார்.

இதே சதர்லாண்ட் மறு ஆண்டு, நியூயார்க்கின் பெரிய நகரங்களில் பெண்கள் இரவு 10 மணிக்கு மேல் உணவகங்களில் வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தை ஏற்றுத் தீர்ப்பெழுதினார். இரவு வேலை பெண்ணின் மென்மையான உடலைக் கெடுக்கும் என்பது காரணம். அந்தச் சட்டம் பாடகிகளுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் விலக்கு அளித்திருந்தது. உணவு பரிமாறினால் கெடும் உடல், அதே கூடத்தில் அதே நேரத்தில் பாடினால் கெடாதாம். எந்த வாதம் எப்போது செல்லும் என்பது பணத்தைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது: நேரத்தைக் குறைத்தால் முதலாளி ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஊதியத்தை உயர்த்தினால் அவர் பையிலிருந்து கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டங்கள் எல்லாப் பெண்களுக்கும் நன்மை செய்யவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நியூயார்க்கில் இரவுப் பணித் தடையால் அச்சகங்களில் வேலையிழந்த பெண்கள், தங்களைப் பாதுகாக்க வேண்டாம் என்று கேட்டு இயக்கம் நடத்தி, பின்னர் விலக்குப் பெற்றார்கள். பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் பால் முன்னின்று உருவாக்கிய சம உரிமைத் திருத்தம் 1923 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் கெல்லி முதன்மையானவர். தாம் ஆயுள் முழுதும் கட்டியெழுப்பிய சட்டங்களை அது ஒரே அடியில் தகர்க்கும் என்று அஞ்சினார். அச்சுக்கூடத்தான் சொல்வதுபோல் கெல்லிக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் கருப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வயல்களிலும் பிறர் வீடுகளிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தொழிற்சாலையையும் சலவை நிலையத்தையும் மட்டுமே பெயர்சொல்லிய ஓரிகன் சட்டம் போன்றவை அவர்கள் வாசல் வரைகூட வரவில்லை. வலிமையான சந்ததியைப் பற்றிக் கவலைப்பட்ட நீதிபதிகளின் கண்ணில் எந்தத் தாய்மார்கள் இருந்தார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நூலகவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. பெண்ணின் உடல் வேறு என்ற வாதம் ஆண்களுக்குப் பயன்படாது அல்லவா? அப்படியானால் லாக்னர் தீர்ப்பு ஆண் தொழிலாளர்களைப் பொறுத்தவரை எவ்வளவு காலம் நீடித்தது?

பழைய வழக்குரைஞர் எழுதியது:

பெயரளவில் நெடுங்காலம் நீடித்தது. உள்ளுக்குள் 1917இலேயே ஓட்டை விழுந்துவிட்டது. ஆலைத் தொழிலாளர்களுக்கு, ஆண்களையும் சேர்த்து, நாளொன்றுக்கு 10 மணி நேரம் என்று ஓரிகன் மாநிலம் மற்றொரு சட்டம் இயற்றியது. மூன்று மணி நேரம் வரை கூடுதல் வேலை வாங்கலாம், ஆனால் அதற்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். இதுவே பன்டிங் வழக்கு. பிராண்டைஸ் 1916இல் நீதிபதியாகிவிட்டதால், வழக்குரைஞர் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் அவருடைய இடத்தில் வாதாடினார். கோல்ட்மார்க் இம்முறையும் ஆதாரங்களைத் திரட்டினார். நீதிமன்றம் 5க்கு 3 என்று சட்டத்தை ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பில் லாக்னர் என்ற பெயரே வரவில்லை. லாக்னர் தீர்ப்பு ஓசையின்றி நீக்கப்பட்டுவிட்டதாகவே தாம் எண்ணியிருந்ததாக, 1923இல் தலைமை நீதிபதி டாஃப்ட் தம் மாறுபட்ட தீர்ப்பில் குறிப்பிட்டார். நீக்கப்படவில்லை என்பதைச் சதர்லாண்ட் அதே நாளில் அவருக்குக் காட்டினார்.

ஆகவே தேனருவி அவர்களின் கணிப்பில் பெரும்பகுதி சரி, ஆனால் பணத்தை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்க முடியாது. பன்டிங் வழக்கில் ஒன்றரை மடங்கு ஊதியமும் முதலாளியின் பையிலிருந்துதான் போயிற்று. நீதிமன்றம் அதை ஊதியச் சட்டமாகக் கருதாமல், நேரத்தை மீறுவதற்கு விதித்த தண்டனையாகப் பார்த்தது. குழந்தைத் தொழிலாளர் வழக்கில் வேறொரு தடை எழுந்தது. குழந்தைகளை வேலைக்கு வைத்த ஆலைகளின் பொருள்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக்கூடாது என்ற 1916ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தை, உற்பத்தி மாநிலங்களின் பொறுப்பு என்று சொல்லி, 1918இல் 5க்கு 4 என்று நீக்கினார்கள்.

ஆட்கின்ஸ் தீர்ப்பு வீழ்ந்தது 1937 மார்ச் 29 அன்று. வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சி நகரில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்துவந்த எல்சி பாரிஷ் என்ற பெண், 48 மணி நேர வாரத்துக்குச் சட்டப்படி தமக்கு வர வேண்டிய 14 டாலர் 50 சென்ட் கணக்கில் குறைந்த தொகையைக் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். அம்மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1913இல் இயற்றப்பட்டது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 5க்கு 4 என்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே, ஆண், பெண் என்ற பிரிவின்றி ஊதியத்துக்கும் நேரத்துக்கும் நாடு தழுவிய வரம்பு விதித்து, குழந்தைத் தொழிலையும் கட்டுப்படுத்திய நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வந்தது. அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர், அச்சுக்கூடத்தான் குறிப்பிட்ட அதே ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸ். 1941இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக ஏற்று, 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெயர் சொல்லியே நீக்கியது. வயல் வேலையும் வீட்டு வேலையும் அந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.